யார் படிப்பாங்க?

1936-ல ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பு அலைகளே கிடையாதுன்னு எழுதி 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு அனுப்பினாங்க. ஆசிரியர் ஜான் டேட் அதை ஒரு நிபுணர்கிட்ட கொடுத்தார். தப்பு இருக்குன்னு பதில் வந்தது. கோபத்துல ஐன்ஸ்டைன் கட்டுரையையே வாபஸ் வாங்கிட்டார். ஆனா 1937-ல வேறொரு இதழ்ல வந்தப்போ முடிவு மாறியிருந்தது.

2002-ல பெரெல்மான் எந்த இதழுக்கும் அனுப்பல. 1904-ல பாய்ன்கரே போட்ட புதிருக்கான நிரூபணத்தை நேரா ஆர்க்கைவ் தளத்துல போட்டார். கணித உலகமே சில வருஷம் உட்கார்ந்து சரிபார்த்தது. நிரூபணம் நின்னுச்சு.

முதலாவது, மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி நடக்கிற கோட் ரிவ்யூ மாதிரி. ரெண்டாவது, ரிலீஸ் பண்ணிட்டு ஊரையே பார்க்கச் சொல்றது. ஆனா பேர் தெரியாத ஒரு மாணவி, யாரும் கேள்விப்படாத விஷயத்தைப் போட்டா ஊர் திரும்பிப் பார்க்குமா? பழைய முறையில குறைஞ்சது ஒருத்தராவது படிச்சே ஆகணும்.