புதுமனையின் வாசற்படி

நம் குடும்பங்களுக்கு வரும் புதுமனை புகுவிழா அழைப்பிதழ்களில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. அதிகாலையில் பால் காய்ச்சுதல், பின்னர் பங்குத்தந்தை இல்லத்தை மந்திரித்தல், அதன்பின் விருந்து. மூன்றும் நமக்குப் பழகிப்போனவை. ஆயினும் பங்குகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் ஒரு கேள்வி அவ்வப்போது எழுகின்றது: “பால் காய்ச்சுவது நம் வழக்கமா, பிறர் வழக்கமா? கத்தோலிக்கர் அதைச் செய்யலாமா?” கேள்வி நியாயமானதே. ஆனால் தமிழகத் திருச்சபையின் நானூறு ஆண்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், ஒரு வீட்டின் அடுப்பில் என்ன பொங்கியது என்பதைவிட, அந்த வீட்டின் வாசற்படியை யார் தாண்டினார், யார் தாண்ட மறுத்தார் என்பதே நம் முன்னோரை அதிகம் வாட்டிய கேள்வி என்பது புலனாகும்.

முதலில் திருவிவிலியத்தைப் பார்ப்போம். புது வீடு கட்டியவன் அதை இன்னும் அர்ப்பணம் செய்யவில்லையெனில் அவன் போருக்குப் போகாமல் வீடு திரும்பலாம் என்று இணைச்சட்ட நூலின் 20ஆம் அதிகாரம் சலுகை அளிக்கின்றது. அவன் போரில் மடிந்து, வேறொருவன் அந்த வீட்டை அர்ப்பணிக்கும்படி ஆகிவிடக் கூடாதாம். எத்துணை மென்மையான இரக்கம்! அந்த அர்ப்பணச் சடங்கு எவ்வாறு நடந்தது என்று அந்நூல் அங்கே ஒரு சொல்லும் கூறவில்லை. தான் கட்டிய வீட்டில் தானே முதலில் குடிபுகும் மகிழ்ச்சியை ஒருவனிடமிருந்து பறிக்கக் கூடாது என்பதே அதன் அக்கறை.

புதிய ஏற்பாட்டிற்கு வந்தால் காட்சி மாறுகின்றது. அங்கே வீட்டுக்காரரை விட, வீட்டிற்குள் நுழைகிறவரைப் பற்றிய பேச்சே மிகுதி. சீடர்களை அனுப்பும்போது, எந்த வீட்டிற்குள் சென்றாலும் முதலில் அந்த வீட்டிற்கு அமைதியை வாழ்த்தும்படி ஆண்டவர் பணிக்கின்றார். சக்கேயுவின் வீட்டில் அவர் தங்கியபோது, பாவியின் வீட்டில் விருந்தினராய் இருக்கிறாரே என்று அனைவரும் முணுமுணுக்கின்றனர். திருத்தூதர் பணிகள் நூலின் 10ஆம் அதிகாரத்தில் பேதுரு, நூற்றுவர் தலைவரான கொர்னேலியுவின் வீட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே அடியெடுத்து வைத்ததும், பிற இனத்தார் வீட்டிற்குள் போவது தம் முறைமைக்கு மாறானது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறார். எருசலேமுக்குத் திரும்பியதும் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு என்ன? அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தாய் என்பதன்று. அவர்கள் வீட்டிற்குள் போனாய், அவர்களோடு உண்டாய் என்பதே. நற்செய்தி உலகெங்கும் செல்வதற்கு முதல் தடையாய் நின்றது ஒரு வாசற்படிதான் என்று சொன்னால் மிகையாகாது.

தமிழ் மரபும் வீட்டை விருந்தினரை வைத்தே அளந்திருக்கின்றது. சிலப்பதிகாரத்தின் மனையறம் படுத்த காதையில் கோவலனின் தாய் இளம் தம்பதியரைத் தனிமனையில் குடியமர்த்துகிறாள். விருந்தினரைப் பேணும் இல்வாழ்க்கைக்கு அவர்கள் பழக வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பின்னாளில் மதுரைப் புறஞ்சேரியில், கோவலன் கேட்கும்போது, கண்ணகி தான் இழந்தவை இவையென்று கூறுவதில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறும் ஒன்று. கணவன் பிரிந்தபோது அவளுக்கு மாளிகை இருந்தது, அடுப்பும் இருந்தது. விருந்தினரை வரவேற்கும் உரிமைதான் இல்லாது போயிற்று.

இத்தகைய நாட்டில்தான் மேலை நாட்டுக் குருக்கள் வந்து இறங்கினர். அவர்கள் கையில் இருந்த சடங்கு நூலில், 1614ஆம் ஆண்டு ஐந்தாம் பவுல் திருத்தந்தையின் காலத்தில் வெளியான உரோமைச் சடங்கு நூலில், வீடுகளை மந்திரிக்கும் செபங்கள் இருந்தன. பாஸ்கா காலத்தில் புதிதாக மந்திரிக்கப்பட்ட தீர்த்தத்துடன் குருவானவர் வீடு வீடாகச் செல்வதும், நுழையும்போதே அவ்வீட்டிற்கும் அதில் வாழ்வோர்க்கும் சமாதானம் வாழ்த்துவதும் அதில் விதிக்கப்பட்டிருந்தன. நம் பாட்டிமார் “சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார்” என்று சொன்னதன் வேர் இதுவே. குரு வீட்டிற்குள் வருவார் என்பது இச்சடங்கிற்கு அடிப்படை. அந்த அடிப்படையே தமிழ்நாட்டில் ஆட்டம் கண்டது.

1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி அடிகளாரின் கதை நாம் அறிந்ததே. ஐரோப்பியர் ‘பரங்கி’ என்று இகழப்படுவதையும், கிறிஸ்தவராவது பரங்கியராவதே என்று மக்கள் எண்ணுவதையும் அவர் கண்டார். காவி உடுத்தி, புலால் துறந்து, பிராமணர் வாழும் பகுதியில் மண்ணால் ஆன தனிவீடு ஒன்றில் குடியேறினார். அந்தப் புதுமனை தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. நொபிலி அடிகளாரின் துறவையும், தமிழறிவையும், வட மொழித் தேர்ச்சியையும் நாம் எவ்வளவு போற்றினாலும் தகும். பூணூல், சந்தனம் முதலியவற்றைச் சமய மூடநம்பிக்கை கலவாமல் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் பதினைந்தாம் கிரகோரியார் இசைவும் அளித்தார். ஆனால் அந்த மண்வீட்டிற்கு ஒரு விலை இருந்தது. பிராமண சந்நியாசியாய் வாழ்ந்த குரு, ‘தாழ்ந்தோர்’ என்று ஊரார் ஒதுக்கிய மக்களின் குடிசைக்குள் வெளிப்படையாக நுழைய இயலாது. நுழைந்தால் மற்றவர் வீட்டுக் கதவுகள் அடைபடும். இக்குறையை நிரப்பவே 1640ஆம் ஆண்டு முதல் ‘பண்டாரசாமிகள்’ என்னும் வேறொரு பிரிவுக் குருக்கள் பணியாற்றத் தொடங்கினர். ஓரியூரில் 1693இல் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் அப்படிப்பட்ட பண்டாரசாமியே.

அதற்குப் பின் வந்தது ‘மலபார்ச் சடங்குகள்’ என்று பெயர் பெற்ற நெடிய வழக்கு. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரியில் வந்து இறங்கிய தூர்னோன், மதுரை மறைபரப்புத் தளத்தை நேரில் காணாமலே 1704ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓர் ஆணை பிறப்பித்தார். தாலியின் வடிவம், திருமணத்தில் தேங்காய் உடைத்தல், சாம்பல் பூசுதல் என்று அவர் தடுத்தவை பல. இன்றைய கண்கொண்டு பார்த்தால் அவற்றுட் சில தேவையற்ற கெடுபிடியாகவே தோன்றுகின்றன. ஆயினும் அதே ஆணையில் மற்றொரு கட்டளையும் இருந்தது: நோயுற்றுக் கிடக்கும் பறையர் இன மக்களின் வீடுகளுக்கே சென்று குருக்கள் அவர்களுக்குத் திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும்! தமிழ்ப் பண்பாட்டை அறியாதவர் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடும் அந்தத் தூதர், இந்த ஒரு புள்ளியில் நற்செய்தியின் பக்கம் நின்றார் என்றே நாம் கருதுகிறோம்.

வழக்கு நாற்பது ஆண்டுகள் நீண்டது. இறுதியில் 1744ஆம் ஆண்டு பதினான்காம் ஆசீர்வாதப்பர் தம் ஆணை மடலால் அதை முடித்து வைத்தார். சடங்குகளைப் பொறுத்தவரை தூர்னோனின் தடைகள் பெரும்பாலும் உறுதி செய்யப்பட்டன. குருக்கள் அவற்றைக் கடைப்பிடிப்பதாக ஆணையிட்டு உறுதி கூற வேண்டும் என்ற விதியும் நிலைத்தது. ஆனால் வாசற்படியைப் பற்றிய கட்டளையோ தளர்ந்தது. ஒதுக்கப்பட்ட மக்களுக்கென்று தனியாகக் குருக்களை நியமிக்கலாம் என்ற இயேசு சபையாரின் யோசனையை உரோமை ஏற்றுக்கொண்டது. தேங்காய் உடைப்பதில் காட்டப்பட்ட உறுதி, எல்லாக் குருக்களும் எல்லா வீடுகளிலும் நுழைய வேண்டும் என்பதில் காட்டப்படவில்லை. அன்றைய குருக்களைக் கல்நெஞ்சர் என்று தூற்றுவது எளிது. அது நியாயமும் அன்று. அவர்களுட் பலர் பட்டினியும் சிறையும் அனுபவித்தவர்கள். இருந்தும், சாதி வகுத்த எல்லையைத் திருச்சபை தன் ஏற்பாடுகளுக்குள்ளேயே எடுத்துக்கொண்டது என்பதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

சடங்குகளைப் பற்றிய அந்த உறுதிமொழி 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள்தான் நீக்கப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்! பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பு, மக்களின் வழக்கங்களில் மூடநம்பிக்கையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திராதவற்றைத் திருச்சபை பரிவோடு நோக்கும் என்று அறிவித்தது. 1969இல் இந்தியத் திருச்சபைக்கு உரோமை அனுமதித்த பன்னிரண்டு அம்சங்களுள் மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கும் ஒன்று. இன்று நம் இல்லங்களில் குத்துவிளக்கு ஏற்றுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். பால் காய்ச்சுதல் என்பது புது வீட்டில் முதன்முறையாக அடுப்பு மூட்டுவதன்றி வேறில்லை. பொங்கும் பாலை எந்தத் தெய்வத்துக்கும் படைக்காமல், சிலுவை அடையாளம் வரைந்து, வந்தவர்க்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தால் அதில் குறை காண ஏதுமில்லை. நம்மைக் கவலைப்படச் செய்வது பால் அன்று, பஞ்சாங்கம். பங்குத்தந்தையிடம் மந்திரிப்புக்கு நேரம் கேட்கும் முன்பே சோதிடரிடம் நாள் குறித்து வந்துவிடும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இல்லையென்று சொல்ல முடியுமா? 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், சோதிடம் பார்ப்பதை 2116ஆம் எண்ணில் தெளிவாகவே விலக்குகின்றது. முகப்பில் திரு இருதயப் படமும் மாடியில் திருஷ்டிப் பூசணியும் ஒருங்கே தொங்கும் வீட்டில் எதை நம்பிக் குடியிருக்கிறார்கள் என்று வழிப்போக்கர் கேட்டால் நம்மிடம் விடை இராது.

திரு இருதயப் படம் என்றோம். இல்லங்களில் அதை முறையாக நிறுவும் பக்தி முயற்சி மிகப் பழையதன்று. பெரு நாட்டைச் சேர்ந்த மத்தேயு கிராலி-போவி என்னும் துறவி, பிரான்சு நாட்டின் பரே-லெ-மோனியாலில் 1907ஆம் ஆண்டு பெற்ற உந்துதலால் அதைத் தொடங்கி நாடு நாடாகப் பரப்பினார். கூடத்தின் நடுச்சுவரில், சிறு சிவப்பு விளக்கின் ஒளியில், நம் வீட்டுத் தலைவராக ஆண்டவர் அமர்ந்திருக்கிறார் என்பதே அதன் பொருள். தலைவர் அவர் என்றால், விருந்தினர் பட்டியலில் அவருடைய சொல்லும் சிறிது செல்ல வேண்டாமா?

இங்கேதான் விழாவை நடத்துவோர்க்குச் சில யோசனைகள் கூற விழைகின்றோம். விருந்துக்கு நண்பரையும் உறவினரையும் செல்வரான அண்டை வீட்டாரையும் அழைப்பதைவிட, திருப்பிச் செய்ய இயலாதோரை அழை என்று ஆண்டவர் கூறியது லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. நம் ஊர்களில் அழைப்பிதழ் கொடுக்கும்போதே மொய்க்கணக்கு மனத்தில் ஓடுகின்றது. யார் வீட்டிற்கு நாம் எவ்வளவு எழுதினோம் என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே பெயர்கள் குறிக்கப்படுகின்றன. வீடு கட்டிக் கடனில் இருப்பவருக்கு மொய் உதவி என்பதை மறுக்கவில்லை. எனினும் மொய் எழுத முடியாத ஒரு பத்துப் பேருக்கேனும் அந்தப் பந்தியில் இலை போடலாமே. தெருவின் மறுமுனையில், நாம் இதுவரை தண்ணீர் வாங்கிக் குடித்திராத வீடு ஒன்று இருக்குமாயின், அங்கே நாமே நேரில் போய், உள்ளே அமர்ந்து, அவர்கள் தரும் காப்பியைக் குடித்துவிட்டு அழைப்பிதழ் கொடுப்பது நல்லது. வாசலில் நின்றபடி நீட்டிவிட்டு வந்தால் அவர்களும் நம் வாசலோடுதான் நிற்பார்கள்.

1984ஆம் ஆண்டு உரோமை வெளியிட்ட ஆசியுரைகள் நூலில் இல்லம் மந்திரிப்பதைக் குறித்து ஒரு நெறி உண்டு. அந்த வீட்டில் குடியிருப்போர் உடனில்லாமல் மந்திரிப்பு நடத்தலாகாது. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அன்று, மனிதருக்கே ஆசி என்பதால் இவ்விதி. ஆகவே பங்குத்தந்தை அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து வரும்போது குடும்பத்தினர் சமையலறையிலும் பந்தலிலும் அலைந்துகொண்டிராமல் அவருடன் நடந்து வருவதே முறை. வீட்டில் படுத்த படுக்கையாய் முதியவர் இருந்தால் அவருடைய அறையிலிருந்தே செபத்தைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வீட்டைக் கட்டியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கும் நல்ல வழக்கம் நம்மிடையே உண்டு. கான்கிரீட் போடும் நாளில் எல்லார்க்கும் சோறு போடுவதும் உண்டு. ஆனால் திறப்பு விழா நாளில் அவர்கள் பெரும்பாலும் கடைசிப் பந்தியில், கொல்லைப்புறத்தில் உட்காருகின்றனர். மண் சுமந்த சித்தாள் பெண்ணுக்குச் சேலை நினைவாகக் கொடுக்கப்படுவதோ அரிது. வேலை நடந்த எட்டு மாதமும் அவள் எல்லா அறைகளிலும் நடமாடியவள். தரைக்குச் சாந்து சுமந்தவள். வீட்டுக்காரர் காலடி படுமுன் அவள் காலடி பட்ட இடம் அது. மந்திரிப்பு முடிந்ததும் பெயர் சொல்லி அவர்களை முன்வாசல் வழியாக உள்ளே அழைத்து, நடுக்கூடத்தில் பங்குத்தந்தையின் கையாலேயே அந்தத் துணிமணிகளைக் கொடுக்கச் செய்து, காய்ச்சிய பாலில் முதல் குவளைகளை அவர்களுக்கு ஊற்றி, முதல் பந்தியில் உட்கார வைத்தால் ஆகும் செலவு ஏதுமில்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே அவர்கள் பெயர்களைப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தபின் அவர்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், தேடினால் கிடைக்கமாட்டார்கள்.