பழைய காரும் ஓரெழுத்துச் சான்றும்



கார்களைப் பற்றி நான் எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள், நானும் எதிர்பார்க்கவில்லை. இயந்திரங்களுக்கும் எனக்கும் வெகுதூரம். ஆயினும் ஈராண்டுக்கு முன் ஒரு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் என் முன்னாள் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்துவிட்டது.

அவன் இப்போது பட்டறையில் வேலை செய்கிறான். அன்று 1980களின் பழைய தொயோத்தா கொரோலா ஒன்றில் வந்து இறங்கினான். அதனுடைய சொந்த இயந்திரத்தை எடுத்துவிட்டு, ஜப்பானிலிருந்து முன்பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்படும் 'ஹாஃப் கட்' கடையில் வாங்கிய வேறோர் இயந்திரத்தைப் பொருத்தியிருந்தான். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது. "இப்படிப்பட்ட வண்டியில் ரௌடிகள்தாமே போவார்கள்?" என்று பலர் முன்னிலையில் கேட்டுவிட்டேன். அவன் சினங்கொள்ளவில்லை. "ஐயா, வண்டியை மாற்றினது தப்பா, மாற்றினதைப் பதிவுப் பத்திரத்தில் எழுதாமல் இருக்கிறதுதான் தப்பா?" என்று மெல்லக் கேட்டான்.

எனக்கு உடனே விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். இந்த வினாவோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லாடிய நாடு ஜப்பான். அந்தக் கதையைத்தான் இங்குச் சொல்லப் போகிறேன். (தூயதமிழ் அன்பர்கள் 'மகிழுந்து' என்று எழுதச் சொல்வார்கள். பட்டறையில் எவரும் அப்படிச் சொல்வதில்லையாதலால் இங்குக் 'கார்' என்றே எழுதுகிறேன். பொறுத்தருள்க.)

1969ஆம் ஆண்டின் இறுதியில் நிசான் நிறுவனம் ஃபேர்லேடி இசட் என்னும் இருவர் அமரும் காரை வெளியிட்டது. நிறுவனத்துக்குள் அதன் குறியீடு எஸ்30. வெளிநாடுகளில் டாட்சன் 240இசட் என்று விற்றார்கள். அமெரிக்காவில் நிசானின் பொறுப்பாளராக இருந்த யுதாகா கத்தயாமா வற்புறுத்தியதனால் உருவான கார் இது. அவர் 105 வயது வாழ்ந்து 2015இல் மறைந்தார். நீண்ட முன்மூடியும் குறுகிய பின்புறமும் கொண்ட அந்த வடிவம் உலகெங்கும் விரும்பப்பட்டது. 1978 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன.

அமெரிக்கர்களுக்கு 2393 சிசி இயந்திரம் கிடைத்தது. சொந்த நாட்டு மக்களுக்கோ பெரும்பாலும் 1998 சிசிதான். இதற்குக் காரணம் பொறியியலன்று, வரி. ஜப்பானில் 2000 சிசியைத் தாண்டினால் கார் வேறு வகுப்புக்குப் போய்விடும். எண் பலகையில் 5இல் தொடங்கும் வகுப்பெண் 3இல் தொடங்கும். 1980களில் 2000 சிசி வரையிலான காருக்கு ஆண்டு வரி 39,500 யென். அதைத் தாண்டியவற்றுக்கு 81,500 யென். இருமடங்குக்கும் மேல்! ஆகவே, இந்தக் காரை வாங்கிய இளைஞன் தன் கார் அமெரிக்காவில் இன்னும் விரைவாக ஓடுகிறது என்பதை அறிந்தே வாங்கினான். மாற்ற வேண்டும் என்னும் ஆசை வாங்கிய நாளிலேயே விதைக்கப்பட்டுவிட்டது.

அந்த ஆசைக்கு நிசானே வழியும் வைத்திருந்தது. எல் வகை ஆறு உருளை இயந்திரங்கள் ஒரே குடும்பம். 1998 சிசி எல்20 இருந்த இடத்தில் 2753 சிசி எல்28 போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டறைக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. எல்28இன் உருளை விட்டத்தை 86 மில்லிமீட்டரிலிருந்து 89ஆகக் கடைந்து, அதே குடும்பத்து டீசல் இயந்திரத்தின் கிராங்க் ஷாஃப்டை உள்ளே வைத்தார்கள். பிஸ்டனின் வீச்சு 79இலிருந்து 83 மில்லிமீட்டரானது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 3100 சிசி வரும். (நான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வட்டத்தின் பரப்பளவு கற்பிக்கையில் இதைச் சொன்னேன். அன்றுதான் கடைசி வரிசை முதன்முறையாகத் தலைநிமிர்ந்து கேட்டது.) பால் வண்டிபோல் மெதுவாக ஓடும் டீசல் காரின் உறுப்பு ஒன்று பந்தயக் காருக்கு உயிரூட்டிய கதை இது.

சட்டம் என்ன சொன்னது? 1951ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து வாகனச் சட்டப்படி ஒவ்வொரு காரும் குறித்த காலத்துக்கொரு முறை 'ஷாகென்' என்னும் கட்டாய ஆய்வைக் கடக்க வேண்டும். அமைப்பை மாற்றினால் மாற்றத்தைக் காட்டித் தனி ஆய்வு பெற வேண்டும். வழி இருந்தது உண்மை. ஆனால் அது மிகக் குறுகிய வழி. சிறு உறுப்பை மாற்றினாலும் அலுவலகப் படியேற வேண்டிய நிலை. பலர் ஏறவில்லை. ஆய்வு நாளன்று பழைய உறுப்புகளைப் பூட்டிக்கொண்டு போவார்கள், மாலையில் கழற்றிவிடுவார்கள்.

இதே காலத்தில் 'பொசோசொகு' எனப்பட்ட இளைஞர் கும்பல்கள் நள்ளிரவில் கூட்டமாக ஓட்டி ஊரை எழுப்பிக்கொண்டிருந்தன. 1978இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டமாக ஆபத்து விளைவிக்கும் ஓட்டம் தனிக் குற்றமாக்கப்பட்டது. தண்டிக்க வேண்டியவர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழி காரின்மேலும் விழுந்தது. 'கைசோஷா', அதாவது மாற்றப்பட்ட வண்டி, என்னும் சொல்லே வசைச்சொல்லாயிற்று. நான் அந்தத் தீபாவளியன்று சொன்ன 'ரௌடி'க்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

எல்லாரும் கும்பல்காரர்கள் அல்லர். யமஹாவில் பொறியாளராக இருந்த ஹிரோயுகி ஹசெகாவா 1973இல் ஃபுஜி மலையடிவாரத்தில் எச்.கே.எஸ். என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, 1983இல், அவர்கள் மாற்றியமைத்த செலிக்கா எக்ஸ்எக்ஸ் கார் சோதனைத் தடத்தில் மணிக்கு 301.25 கிலோமீட்டரை எட்டியது. பொதுச் சாலையிலன்று, மூடிய தடத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே 1983இல், 'ஆப்ஷன்' இதழை உருவாக்கிய டைஜிரோ இனாடாவின் முயற்சியால் தோக்கியோவில் மாற்றப்பட்ட கார்களுக்கென்றே ஒரு கண்காட்சி தொடங்கியது. நாங்கள் மறைந்து வாழ்கிறவர்கள் அல்லர் என்று பகல் வெளிச்சத்தில் காட்டுவதற்கு அது ஒரு மேடை. 1987இல் அதற்குத் தோக்கியோ ஆட்டோ சலோன் என்று பெயர் மாறியது.

இனி, கதையில் யாரும் எதிர்பாராத திருப்பம். கதவைத் திறந்தது ஜப்பானிய இளைஞனுமல்லன், பட்டறைக்காரனுமல்லன். அமெரிக்க வணிகப் பேராளர்!

1995இல் அமெரிக்காவும் ஜப்பானும் கார் வணிகம் பற்றிக் கடுமையாக மோதிக்கொண்டன. ஷாகென் விதிகள் காரணமாக ஜப்பானியப் பட்டறைகள் அசல் உறுப்புகளையே பூட்டுகின்றன, எங்கள் உறுப்புகள் உள்ளே நுழைய முடியவில்லை என்பது அமெரிக்காவின் குறைகளில் ஒன்று. 13 வகை ஜப்பானியச் சொகுசுக் கார்களுக்கு 100 விழுக்காடு வரி விதிக்கப் போவதாக அந்நாடு மிரட்டியது. அக்கார்களின் இறக்குமதி மதிப்பு ஏறத்தாழ 590 கோடி டாலர். அமெரிக்காவின் மிக்கி கான்டரும், ஜப்பானின் அமைச்சரும் பின்னாளில் பிரதமரானவருமான ரியூத்தாரோ ஹஷிமோத்தோவும் ஜெனிவாவில் பேசி, கெடு முடியச் சில மணி நேரமே இருக்கையில், ஜூன் 28ஆம் நாள் உடன்பாடு கண்டனர். ஷாக் அப்சார்பர் போன்ற உறுப்புகளை மாற்றுவது 'முக்கிய உறுப்பு'ப் பழுதுபார்ப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அதையடுத்து நவம்பரில் வந்த தளர்வுதான் பெரிது. குறிப்பிட்ட சில உறுப்புகளை ஆணியும் மரையும் கொண்டோ பசை கொண்டோ பொருத்தினால் தனி அமைப்பாய்வு தேவையில்லை என்றாயிற்று. வெல்டிங் செய்தாலோ ரிவெட் அடித்தாலோ அது 'நிலையான' பொருத்தம், கணக்கு வேறு. பட்டியலில் இல்லாத மாற்றங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. நீளத்தில் 3 சென்டிமீட்டர், அகலத்தில் 2, உயரத்தில் 4 வரை கூடலாம், குறையலாம். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே பொதுவாக 9 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அக்டோபர் வரை குற்றமாகக் கருதப்பட்ட அதே உறுப்பு, அதே காரில், நவம்பரில் சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று. காரும் மாறவில்லை, ஓட்டுபவனும் மாறவில்லை.

பழைய கார்களுக்கு இன்னொரு விடுதலையும் அவ்வாண்டு கிடைத்தது. அதுவரை பத்தாண்டைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் ஷாகென் செய்ய வேண்டியிருந்தது. 1995 ஜூலை முதல் அது ஈராண்டுக்கொரு முறையாயிற்று. ஆய்வுச் செலவுக்கு அஞ்சி நல்ல காரையும் கைவிடுவது ஜப்பானியர் வழக்கம். அப்படிக் கைவிடப்பட்டவற்றின் இயந்திரங்கள்தாம் நம் ஹாஃப் கட் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. என் மாணவனின் கொரோலாவில் துடிப்பதும் அப்படி வந்த ஒரு நெஞ்சுதான்.

இயந்திர மாற்றம் மட்டும் 1995க்குப் பின்னும் எளிதாகவில்லை. அதை எளிதாக்கவும் கூடாது என்பது என் கருத்து. எல்20க்குப் பதில் எல்28 வைத்த எஸ்30 காரின் உரிமையாளர், கூடிய விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் தண்டும் பிரேக்கும் தாங்கும் என்பதைக் கணக்கிட்டுத் தாள்களாகக் காட்ட வேண்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இது பழைய கார்களுக்கான சலுகை அளவு. புதியவற்றுக்கு 1 விழுக்காடுதான். மூன்று பெரிய கார்புரேட்டர் பூட்டியவர்கள் ஆய்வுக்கு முன் திருகாணியைத் திருகித் திருகிப் பெட்ரோலைக் குறைப்பதைப் பார்த்தால், தேர்வுக்கு முன்னிரவில் படிக்கும் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள்.

எல்லாம் தேறினால் சான்றிதழில் காரின் குறியீட்டுக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள். ஒலிப்பு 'கை'. மாற்றியது, திருத்தியது என்பது பொருள். 'எஸ்30' என்பது 'எஸ்30 கை' ஆகிவிடும். 'கைசோஷா' என்னும் வசைச்சொல்லின் முதலெழுத்தும் இதே எழுத்துத்தான்! தெருவில் பழியாக இருந்த எழுத்து அரசுச் சான்றிதழில் அங்கீகாரமாக நிற்கிறது. தமிழ்க் காதுக்கு அது 'கை' என்று கேட்பது தற்செயலே. ஆயினும் கையால் வேலை செய்தவனுக்குக் கிடைத்த சான்று என்று எண்ணி நான் சற்றே மகிழ்ந்துகொண்டேன்.

ஒன்றை மட்டும் எந்த ஆய்வாளராலும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. 3100 சிசியாகக் கடைந்த இயந்திரத்தின் வெளிப்புறத்திலும் 'எல்28' என்றே பொறித்திருக்கும். சொல்லாவிட்டால் 2753 சிசி என்றே ஏடு பேசும். சொன்னால் வரி வகுப்பு ஏறும். 13 ஆண்டைக் கடந்த கார்களுக்கான 15 விழுக்காட்டுக் கூடுதலோடு சேர்த்து 58,600 யென் 66,700 யென் ஆகும். உண்மையின் விலை ஆண்டுக்கு 8,100 யென். ஜப்பானில் தொழிலை மதிக்கும் பட்டறைகள் அதையும் எழுதச் சொல்கின்றன.

தோக்கியோ ஆட்டோ சலோனுக்கு 2024இல் மூன்று நாளில் சுமார் 2,30,000 பேர் வந்தார்கள். கார் நிறுவனங்களே அரங்கு அமைக்கின்றன.

நம் நாட்டிலும் இயந்திரத்தை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். பதிவில் திருத்தம் வேண்டும். எழுதாத இயந்திரத்தோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைவிடக்கூடும். இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு என் மாணவனைத் தேடிப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவன் கேள்விக்கு விடை சொன்னேன்: "மாற்றினது தப்பில்லை அப்பா. எழுதாததுதான்." அவன் சிரித்தான். "அது எனக்கு அப்போதே தெரியும் ஐயா. உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன்" என்றான். இயந்திரம் வாங்கிய கடையின் இரசீதைத் தேடி எடுக்கவே அவனுக்கு மூன்று மாதம் ஆயிற்று. வெளியே துருத்திக்கொண்டிருந்த சக்கரங்களைக் கழற்றினான். இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டான். ஒருமுறை புகைக்குழாய்க்காக, இன்னொருமுறை ஒரு தாள் குறைந்ததற்காக.

போன மாதம் பதிவுப் பத்திரத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். 1290 சிசி இருந்த இடத்தில் 1587 சிசி. சாலை வரி எழுபது ரிங்கிட்டிலிருந்து தொண்ணூறாகியிருந்தது. வரும் தீபாவளிக்கு அந்த வண்டியில் ஒரு சுற்று வருவதாக வாக்களித்திருக்கிறேன். சத்தம் மட்டும் இன்னும் முழுதாக அடங்கவில்லை என்கிறார் அவன் தாயார்.