இரண்டாவது வழி: தங்கவயலின் நிலத்தடிச் சாலைகள்

பேரிடரின்போது மக்களை வெளியேற்றும் சாலைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புயலையோ அணுவுலையையோ சொல்லித் தொடங்குவர். கோலார் தங்கவயலில் இருந்து எழுதுபவருக்கு வேறொரு சாலைத் தொகுதி நினைவுக்கு வரும். அது நிலத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்றது.

இவ்வகைச் சாலைகளுக்கான சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1862 ஜனவரி 16 அன்று ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் எந்திரத்தின் உத்தரம் முறிந்து விழுந்து, அங்கிருந்த ஒரே குழியை அடைத்தது. 204 பேர் மாண்டனர். சுரங்கத்துக்கு இரு வழிகள் வேண்டும் என்னும் சட்டம் அவ்வாண்டே வந்தது. இந்தியாவின் 1961 உலோகச் சுரங்க விதிமுறைகளும் இதையே கோருகின்றன.

வழிகளை எண்ணிவிட்டால் போதுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் கிஃபோர்ட் சாஃப்ட் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழம். அதற்கும் கீழே வேலை செய்தோர் உட்குழி வழியே ஏறி, கிடைமட்டப் பாதையில் நடந்து, மீண்டும் ஒரு கூண்டுக்குக் காத்திருக்க வேண்டும். கிளைப்பாதைகள் எத்தனை இருப்பினும், கடைசி மனிதர் வெளியேறும் நேரத்தைக் கூண்டின் கொள்ளளவும் அது போய்வரும் நேரமுமே தீர்மானிக்கும். நகரச் சாலைகளில் பாலம் செய்வதை இங்கே கூண்டு செய்தது.

இதைவிடக் கடுமையான சிக்கல் பாறையிலேயே இருந்தது. ஆழத்தின் அழுத்தம் தாங்காத பாறை தானாக வெடித்துச் சிதறும். தொடக்கத்தில் அதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றனர். ஒரே தங்கரேகையை ஒட்டிச் செல்லும் இரு வழிகளையும் ஒரே அதிர்ச்சி அடைத்துவிடக்கூடும். வரைபடத்தில் இரண்டாக இருப்பவை ஆபத்தின்முன் ஒன்றாகிவிடும். ஆகவே, தங்கம் எடுத்த வெற்றிடங்களைக் கருங்கல்லாலும் பின்னர் கான்கிரீட்டாலும் நிரப்பிய வேலையையும் வெளியேற்றத் திட்டத்தின் பகுதியாகவே நான் கருதுகிறேன். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் இங்கே அமைந்தது தற்செயலன்று.

இறங்கியோரில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். அவர்களுள் மிகுதியானோர் தலித்துகள். நிறுவனத்தின் வரைபடங்களில் மட்டங்களுக்கு எண்களும் சாஃப்ட்களுக்கு ஆங்கிலேயர் பெயர்களும் உண்டு. இருளில் தடவி நடந்தவர்கள் திருப்பங்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதற்கு அவற்றில் இடமில்லை. மொழியியல் பயின்ற எனக்கு இந்த இழப்பே பெரிதாகத் தோன்றுகிறது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைப்பதும் நின்றபின் ஆழ்மட்டங்கள் மூழ்கின. அப்பாதைகளை இனி நடந்து அளக்க இயலாது. நடந்தவர்கள் ஆண்டர்சன்பேட்டையில் இன்னும் இருக்கிறார்கள். களப்பணிக்கு வரும் மாணவர்கள் அவர்களிடம் கூலியையும் தங்கத்தையும் பற்றிக் கேட்குமுன் இதைக் கேட்கலாம்: விளக்கு அணைந்தால் எந்தப் பக்கம் திரும்புவீர்கள், அந்தத் திருப்பத்துக்கு என்ன பெயர்?