இரு பகைவருக்கு ஒரே நாள்

மன்னிப்புக் கேட்பது கடினமா, கொடுப்பது கடினமா? மூன்றாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் கிறிஸ்தவ சபை இரண்டாகப் பிளந்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

217-ல் போப்பாண்டவரான காலிஸ்டஸ் முன்னாளில் ஓர் அடிமை. எஜமானன் சார்பில் லேவாதேவி நடத்தி நொடித்துப்போனவர். சார்டினியாத் தீவின் சுரங்கங்களில் தண்டனை அநுபவித்தவர். பெரும் பாவம் செய்தவனும் மனந்திருந்தி வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். கூடவே கூடாது என்றார் ஹிப்போலிட்டஸ். மகா பண்டிதர், கிரேக்க மொழியில் ஏராளமாக எழுதியவர். தத்துவ விஷயத்திலும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஹிப்போலிட்டஸின் கோஷ்டி அவரையே தலைவராக்கிக் கொண்டது. காலிஸ்டஸ் இறந்து, 230-ல் போன்ஷியன் போப்பாண்டவரான பிறகும் பிளவு தீரவில்லை.

ஹிப்போலிட்டஸ் எழுதியதென்று அறிஞர் பலர் கொள்ளும் கண்டன நூல் ஒன்றின் பிரதி, 1842-ல் ஆதோஸ் மலையில் கிடைத்தது. காலிஸ்டஸ் ஓடியது, கடலில் குதித்தது, பிடிபட்டது, சுரங்கம் போனது எல்லாம் அதில் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. என்னைப் போல் கதை எழுதுகிறவர்களுக்கு அது நல்ல தீனி. பகைமைக்குத்தான் எவ்வளவு ஞாபகசக்தி!

235-ல் மாக்ஸிமினஸ் சக்கரவர்த்தியானான். சபைத் தலைவர்களை ஒழிப்பதே அவன் நோக்கம். அசல் தலைவர் யார், போட்டித் தலைவர் யார் என்று அவன் விசாரிக்கவில்லை. போன்ஷியனையும் ஹிப்போலிட்டஸையும் சேர்த்தே நாடு கடத்தினான். எங்கே? காலிஸ்டஸ் கல்லுடைத்த அதே சார்டினியாவுக்கு! ரோமாபுரியில் வேறொருவர் பதவி ஏற்க வழிவிட்டு, செப்டம்பர் 28-ல் போன்ஷியன் பதவியைத் துறந்தார். இருவரும் தீவிலேயே மாண்டார்கள். சாகுமுன் ஹிப்போலிட்டஸ் தம்மவரை ஒரே சபைக்குத் திரும்பச் சொன்னதாகத் தாம் கேள்விப்பட்டதை, அடுத்த நூற்றாண்டில் போப் டாமஸஸ் கல்வெட்டில் பொறித்து வைத்தார்.

இருவர் உடல்களும் ரோமாபுரிக்கு வந்தன. போன்ஷியனைக் காலிஸ்டஸ் பெயர் தாங்கிய நிலவறைக் கல்லறையிலும், ஹிப்போலிட்டஸைத் திபூர் சாலையோரத்திலும் அடக்கம் செய்தார்கள். இடம்தான் வேறு, நாள் ஒன்றே. 354-ம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள வேதசாட்சிகள் பட்டியலில், ஆகஸ்டு 13-க்கு நேரே இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. இன்றும் கத்தோலிக்கர் அன்றுதான் இருவரையும் நினைவுகூர்கிறார்கள்.

தவறியவனைத் திரும்பச் சேர்க்காதே என்று வாதாடியவரையே சபை திரும்பச் சேர்த்துக்கொண்டது. வாதத்தில் வென்றவர் காலிஸ்டஸ். அந்த வெற்றியின் பலன் ஹிப்போலிட்டஸுக்குக் கிடைத்தது.