மக்கள்தொகையை ரகசியமாக வைத்த ஸ்வீடன்: ஏன்?

பிறப்பு, இறப்பு, வயது என நாடு முழுக்கத் தொடர்ச்சியாகக் கணக்கெடுக்கும் வேலையை 1749-லேயே தொடங்கிவிட்டது ஸ்வீடன். இதற்கெனத் தனி ஊழியர்கள் கிடையாது. 1686 சர்ச் சட்டப்படி ஏற்கெனவே பதிவேடு வைத்திருந்த பாதிரியார்களிடமே படிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். செம ஐடியாதான். ஆனால் ரிசல்ட்தான் அதிர்ச்சி! அப்போது ஸ்வீடனோடு இருந்த பின்லாந்தையும் சேர்த்தே 20 லட்சத்துக்குச் சற்று மேல். 1743-ல்தான் ரஷ்யாவிடம் போரில் தோற்றிருந்தார்கள். ஆள்பலம் இவ்வளவுதான் என்பது வெளியே தெரிந்தால்? எண்களைப் பூட்டி வைத்தது அரசு.

1760-களில்தான் கெடுபிடி தளர்ந்தது. வியாழனின் நிலவுகளை ஆராய்ந்த வானியலாளர் பெர் வார்ஜென்டின், 1766-ல் வயதுவாரியான இறப்பு அட்டவணையை வெளியிட்டார். அன்றைய ஸ்வீடனில் பிறந்த ஐந்து குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று, முதல் பிறந்தநாளைப் பார்க்கவே இல்லை.