கிணற்று உதைப்பு

கிணற்று உதைப்பு என்பது எண்ணெய்க் கிணறு துளையிடப்படும்போது பாறையின் நுண்துளைகளிலுள்ள வளிமம், எண்ணெய் அல்லது நீர் கட்டுப்பாடின்றிக் கிணற்றுக்குள் புகுவதைக் குறிக்கும். துளையிடும் தொழிலாளரிடையே இது 'கிக்' என்றே வழங்குகிறது. அடக்கப்படாத உதைப்பு, கிணறு பீறிட்டுத் தீப்பற்றுவதில் முடியக்கூடும்.

அழுத்தச் சமநிலை

கிணற்றை நிரப்பியிருக்கும் துளைச்சேறு தன் எடையால் பாறைத் திரவங்களைத் தடுத்து நிறுத்துகிறது. அசைவற்ற சேற்றின் அழுத்தம் அதன் அடர்த்தியையும் செங்குத்து ஆழத்தையும் பொறுத்தது. கிணற்றின் அகலத்தைப் பொறுத்ததன்று. கன மீட்டருக்கு 1200 கிலோகிராம் அடர்த்தியுள்ள சேறு 3000 மீட்டர் ஆழத்தில் சுமார் 353 பார் அழுத்தம் தரும். பாறைத் திரவத்தின் அழுத்தம் இதனை மிஞ்சினால் உதைப்பு ஏற்படும். சேற்றை அளவுக்கு மீறி அடர்த்தியாக்குவதும் தீர்வாகாது. பாறை பிளந்து சேறு அதனுள் வடியும். மட்டம் தாழ்ந்து அழுத்தமும் குறையும். துளைக்குழாயை விரைவாக மேலிழுத்தாலும், பீச்சாங்குழலில் போல, திரவம் உள்ளே உறிஞ்சப்படலாம்.

வளிமத்தின் நடத்தை

உதைப்புகளில் வளிம உதைப்பே மிகவும் ஆபத்தானது. பாயில் விதிப்படி, அடியில் 1 கன மீட்டராக இருந்த வளிமம் பாதி உயரம் ஏறியதும் ஏறத்தாழ 2 கன மீட்டராகும். அடுத்த பாதியில் 4 ஆகும். தரைமட்டத்திலோ சில நூறு மடங்காகப் பெருகும். எனவே நெடுநேரம் ஒன்றும் நேராதது போலத் தோன்றி, இறுதிச் சில நிமிடங்களில் எல்லாம் நிகழ்கிறது. எண்ணெய் கலந்த சேற்றில் வளிமம் கரைந்து மறைந்திருப்பதால் இம்மயக்கம் இன்னும் மிகும்.

கிணற்றை மூடி வாளாவிருப்பதும் தவறு. விரிய இடமில்லாத வளிமம் தன் அழுத்தத்தைக் குறைக்காமலே மேலேறி, கிணறு முழுவதிலும் அழுத்தத்தைக் கூட்டும்.

கண்டறிதலும் அடக்குதலும்

சேற்றுத்தொட்டியின் மட்டம் உயர்தல், எக்கியை நிறுத்திய பின்னும் சேறு வழிதல் ஆகியன முதன்மை அறிகுறிகள். பீறிடல் தடுப்பானை மூடி, துளைக்குழாயின் அழுத்தத்தை அளந்து, பாறையின் அழுத்தத்தைக் கணிப்பர். பின்னர் நெரிப்பு வால்வு வழியே வளிமத்தைச் சிறிது சிறிதாக விரியவிட்டு வெளியேற்றி, அடர்த்தி கூடிய சேற்றை நிரப்புவர்.

மக்கோண்டோ விபத்து

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிக்கோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணற்றில், அழுத்தச் சோதனையின்போது துளைக்குழாய் சதுர அங்குலத்துக்கு 1400 பவுண்டு காட்டியது. அது கிணறு அடைபடவில்லை என்பதற்கான அறிகுறி. ஆயினும் சோதனை வெற்றியெனக் கொள்ளப்பட்டு, கனத்த சேற்றுக்குப் பதிலாகக் கடல்நீர் செலுத்தப்பட்டது. தடுப்பானாலும் கிணற்றை அடைக்க இயலவில்லை. 11 பேர் இறந்தனர். கசிவு 87 நாட்கள் நீடித்தது.