நெஞ்சு நோ எண்டு வருகிறவர்கள்

தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைவு, நித்திரையின்மை. போருக்குள் வாழ்ந்த சனம் ஆஸ்பத்திரியில் சொன்னது பெரும்பாலும் இவற்றைத்தான். "மனசு சரியில்லை" எண்டு சொன்னவை குறைவு.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கவனித்தார். 1993இல் 'மனவடு' எழுதினார். 2000இல் மருத்துவர் சிவயோகனோடு சேர்ந்து, ஊர்மட்டத்தில் வேலை செய்பவர்களைப் பயிற்றுவிக்கக் கைநூல் ஆக்கினார். உளமருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த இடத்தில் அதுதான் வழி.

2009இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேலான வன்னிச் சனம் வவுனியா முகாம்களில் அடைபட்டபோது, அந்தத் தேவை பன்மடங்கானது.

இதில் ரெண்டு பிழை நடக்கலாம். இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேளாமல் பனடோலோடு அனுப்புறது ஒண்டு. எல்லாம் மனசுதான் எண்டு, உடம்புக்குள்ள கிடக்கிற செல்துண்டைச் சோதிக்காமல் விடுறது மற்றது. ரெண்டையும் பார்க்கப் பழகின டொக்டர்மார்தான் வன்னிக்கு வேணும்.